ஆறு அங்குல அடி

அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில் உள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் நான் புள்ளியியல் கற்பிக்கிறேன். 2006ஆம் ஆண்டு வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில், விளையாட்டு வீரர்களுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் தேவை என்று துறைக்கு ஓர் அறிவிப்பு வந்தது. கையில் கொஞ்சம் கூடுதலாகப் பணம் வருமே என்ற ஒரே காரணத்துக்காகத்தான் பெயர் கொடுத்தேன். முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று கேட்கும் நிலையில்தான் அன்றைக்கு நான் இருந்தேன். அந்த வகுப்பு பதினெட்டுப் பருவங்கள் என்னைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றோ, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து தலைகீழாகப் புரண்டதை அந்த அறையிலிருந்தே பார்க்கப்போகிறேன் என்றோ நினைக்கவில்லை.

மாலை ஏழு மணிக்கு அந்த அறையின் வாசலில் ஒருவர் நின்று தலை எண்ணுவார். அவர்தான் முன்வரிசைப் பயிற்சியாளர். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் முன்னால் சுவர்போல நிற்கும் ஐந்து பேரைப் பழக்குவது அவர் வேலை. அந்த ஐவரில் ஒருவனும் நூற்று முப்பது கிலோவுக்குக் குறைய மாட்டான். பந்தைப் பின்னால் எடுத்துக் கொடுக்கும், நடுவில் நிற்பவனைத் தவிர வேறெவனும் ஆட்டம் முழுவதும் பந்தைத் தொடவும் மாட்டான். தொலைக்காட்சியில் அவன் பெயர் வருவது அவன் தவறு செய்யும்போது மட்டுமே. எல்லோரும் அவரைக் ‘கோச்’ என்றே அழைத்தார்கள், நானும் அப்படியே அழைத்துப் பழகிவிட்டேன். அவர் என்னை முதல் நாளிலிருந்தே ‘புரொஃபசர்’ என்றார். நான் வெறும் விரிவுரையாளர்தான் என்று பலமுறை சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. தன் பையன்கள் தூங்கிவிடக் கூடாது என்பதற்காகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். இரண்டாவது வாரத்தில் திட்ட விலக்கத்தைப் பற்றி அவரே ஒரு கேள்வி கேட்டார். நட்பு அங்கிருந்து தொடங்கியது.

ஒரு நாள் இரவு வகுப்பு முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது, முன்வரிசைக்காரனுக்குக் கற்பிக்க அப்படி என்னதான் இருக்கிறது, முன்னால் இருப்பவனைத் தள்ள வேண்டியதுதானே என்று கேட்டுவிட்டேன். ஐம்பதைத் தாண்டிய அந்த மனிதர் கைப்பையைக் கீழே வைத்தார். வலது கையின் விரல்களைத் தார்த் தரையில் ஊன்றி இடுப்பைத் தாழ்த்தி, ஒரு கணம் அசையாமல் இருந்தார். பிறகு வலது காலை மட்டும் மிகச் சிறிதாக முன்வைத்தார். “ஆறு அங்குலம். எட்டு வைத்தால் எடை முன்னால் சாய்ந்துவிடும், எதிராளி தோளைப் பிடித்து இழுத்துவிடுவான். நான்கு வைத்தால் அவன் முந்திவிடுவான். பள்ளியில் எல்லாரையும்விடப் பெரியவனாக இருந்து ஜெயித்த பையனுக்கு இந்த ஆறு அங்குலம் உடம்பில் ஊற இரண்டு வருஷம் ஆகும்” என்றார். அவருடைய மோதிர விரலும் சுண்டுவிரலும் எப்போதோ ஒடிந்து கோணலாகக் கூடியிருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

இந்த இரண்டு வருஷக் கணக்கு அவருடைய சொந்தக் கணக்கு மட்டுமாக இருக்கவில்லை. அன்றைய விதிகளும் அதற்கு இடம் கொடுத்தே எழுதப்பட்டிருந்தன. ஒரு மாணவன் ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு ஆட்டப் பருவங்களில் ஆடலாம். ஆகவே முதல் ஆண்டில் அவனை ஆட விடாமல், பயிற்சியில் மட்டும் வைத்து உடம்பை வளர்ப்பார்கள். அதற்கு ‘ரெட்ஷர்ட்’ என்று பெயர். கல்லூரிக் கால்பந்தின் மேல்மட்டப் பிரிவில் ஓர் அணி 85 பேருக்கு உதவித்தொகை கொடுக்கலாம் என்றிருந்தது. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்புகிறவன் அங்கே ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தக் காத்திருப்பு இருந்ததால், கோபத்தில் புறப்பட நினைத்தவர்களில் பாதிப்பேர் கோபம் தணிந்ததும் தங்கிவிடுவார்கள்.

கோச்சின் மேசை இழுப்பறையில் ஒவ்வொரு பையனுக்கும் ஓர் அட்டை இருந்தது. முன்பக்கத்தில் வந்த நாளில் இருந்த எடை, தாயின் பெயர், சொந்த ஊர், பிடித்த சாப்பாடு. பின்பக்கத்தில் ஒவ்வொரு பருவத்துக்கும் இரண்டு மூன்று வரிகள். ஓர் அட்டையை எனக்குக் காட்டியிருக்கிறார். 238 பவுண்டு எடையோடு வந்தவன், மூன்று பருவம் பெஞ்சிலேயே உட்கார்ந்து, நான்காம் பருவத்தில்தான் முதல் முறையாகத் தொடக்க அணியில் நின்றான். இன்றைக்கு அவன் ஒரு பள்ளியில் துணைத் தலைமையாசிரியர். கோச் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மூன்று நான்கு ஆண்டுகளின் அட்டைகளையும் பார்த்தேன். முன்பக்கம் நிரம்பியிருந்தது. பின்பக்கம் ஒரு வரி, அல்லது ஒன்றுமில்லை.

இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 2018 அக்டோபரில் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ என்ற இணையப் பட்டியலைத் தொடங்கியது. மாற விரும்பும் மாணவன் அதில் பெயரைப் பதிந்தால் எந்தப் பல்கலைக்கழகமும் அவனை அணுகலாம். 2021 ஏப்ரலில், ஒருமுறை மாறுகிறவன் காத்திருக்கத் தேவையில்லை என்றார்கள். அதே ஆண்டு ஜூனில், மாணவ வீரர்களுக்குத் தரும் கல்விசார் சலுகைகளுக்கு வரம்பு வைத்தது பற்றிய ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள்; பத்து நாள் கழித்து, ஜூலை 1 அன்று, மாணவர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம் என்ற அனுமதி வந்தது. ‘நேம், இமேஜ், லைக்னெஸ்’ என்பதன் சுருக்கமான என்.ஐ.எல். என்ற மூன்றெழுத்து அன்றைக்குத்தான் பையன்களின் வாயில் புகுந்தது. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் மத்திய நீதிபதி ஒருவர் இரண்டாம் முறை மாறுகிறவனையும் காக்க வைக்கக் கூடாது என்று தடை விதிக்க, 2024 ஏப்ரலில் என்.சி.ஏ.ஏ.வே அந்தக் காத்திருப்பைக் கைவிட்டது: படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாயிற்று. கடைசியாக 2025 ஜூனில் வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கில் நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றுக்கொண்ட உடன்பாடு, பழைய வீரர்களுக்கு 280 கோடி டாலர் இழப்பீட்டையும், பல்கலைக்கழகமே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும் உரிமையையும் கொண்டுவந்தது. முதல் ஆண்டின் உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2.05 கோடி டாலர். அதில் பெரும்பங்கு கால்பந்துக்கே போகிறது.

பழைய பயிற்சியாளர் என்றதும், பணம் வந்து எல்லாம் கெட்டது என்று அவர் புலம்புவார் என்று நானும் எதிர்பார்த்தேன். அவர் அப்படிப் பேசவில்லை. அவரே ஆலைத் தொழிலாளியின் மகன். உதவித்தொகை இல்லையென்றால் கல்லூரி வாசலை மிதித்திருக்க மாட்டார். “எங்கள் பையனின் எண் அச்சிட்ட சட்டையை மைதானத்துக்கு வெளியே எண்பது டாலருக்கு விற்பார்கள். உள்ளே அவன் ஆடுவதைப் பார்க்க வர அவன் அம்மாவிடம் பஸ்ஸுக்குக் காசு இருக்காது. நான் என் கையிலிருந்து கொடுத்தால் அது விதிமீறல். இதைத் திருட்டு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?” என்று 2021 கோடையில் கேட்டார். அனுமதி வந்த அன்றைக்கு உண்மையாகவே மகிழ்ந்தார். அவருடைய வருத்தமெல்லாம் காலத்தைப் பற்றியது. பணத்தையும் காத்திருக்காமல் மாறும் உரிமையையும் ஒரே ஆண்டில் சேர்த்து அவிழ்த்துவிட்டார்கள். ஒவ்வொரு டிசம்பரும் ஏலமாகிவிட்டது. ஆறு அங்குலம் ஊறுவதற்கு முன்பே பையன் போய்விடுகிறான் என்பார். அவன் போவதற்கு முன்பே அவனிடத்துக்கு இருபத்து மூன்று வயது ஆள் ஒருவனை வேறெங்கிருந்தோ வாங்கிவிடுகிறோம் என்பதையும் மறைக்க மாட்டார்.

அலபாமா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன் 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றபோது இதே பேச்சு நாடு முழுவதும் எழுந்தது. ஏழு தேசியப் பட்டங்கள் வென்றவர். ஓய்வு பெற்ற இரண்டே மாதத்தில் வாஷிங்டனில் செனட்டர்கள் கூட்டிய கலந்துரையாடலில், ஐம்பது ஆண்டுப் பயிற்சி வாழ்க்கையில் தான் நம்பியதெல்லாம் இப்போது கல்லூரி விளையாட்டில் இல்லை என்ற பொருளில் பேசினார். கோச்சின் வீட்டுச் சமையலறையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து அந்தக் காணொளியைப் பார்த்தோம். கோச் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு மட்டும் ஒரு கேள்வி உறுத்தியது. அதை அன்றைக்கே கேட்டுவிட்டேன்.

பையன்கள் நிலையாக இருக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள், தாங்கள் நிலையாக இருந்தார்களா? 2006 டிசம்பரில் மயாமி டால்ஃபின்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் பயிற்சியாளராக இருந்த சேபன், நான் அலபாமாவின் பயிற்சியாளராகப் போவதில்லை என்று செய்தியாளர்களிடம் சொன்னார். அடுத்த மாதமே அங்கே போனார். 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் தன் தலைமைப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வெளியேற்றியபோது, ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டிய தொகை 7.5 கோடி டாலரைத் தாண்டியது. பையனுடைய உதவித்தொகையோ 2012 வரை ஓராண்டு ஒப்பந்தம்தான். அடுத்த ஆண்டு வேண்டாம் என்று பயிற்சியாளர் நினைத்தால் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். எங்கள் தலைமைப் பயிற்சியாளர் ஒருவரும் ஒரு டிசம்பரில், கடைசி ஆட்டம் பாக்கியிருக்கும்போதே, எட்டு நிமிடக் கூட்டத்தில் விடைபெற்றுப் போனார். அன்று மாலை என் வகுப்பில் இருந்த பதினொரு பேரில் ஒருவனும் புத்தகத்தைத் திறக்கவில்லை. அவரை நம்பி வந்தவர்களோ, மாற நினைத்தால், விதிப்படி ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டியிருந்தது.

நான் சொல்லி முடித்ததும் கோச் கொஞ்ச நேரம் காப்பிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். “நீங்கள் சொல்வது சரி. நானும் மூன்று முறை மாறியிருக்கிறேன், மூன்று முறையும் சம்பளம் கூடியது” என்றார். பிறகு, “ஆனால் நான் மாறும்போது எனக்கு வேலை தெரியும், புரொஃபசர். இவர்கள் வேலை கற்கும் முன்பே மாறுகிறார்கள்” என்றார். இந்த இடத்தில் நாங்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. பையன்களுக்குக் கிடைத்த விடுதலை நியாயமானது என்பது என் கருத்து. அந்த விடுதலையோடு ஒரு நல்ல கணக்காளரையும் பாடத்திட்டம் தெரிந்த ஓர் ஆலோசகரையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும் என்பதும் என் கருத்து. இதை நான் கற்றது என் சொந்தப் பிழையால்.

2022 டிசம்பர். போர்ட்டல் திறப்பதும் பருவத் தேர்வும் ஒரே வாரத்தில் வரும் காலம் அது. இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் நிகழ்தகவுக் கணக்கின் நடுவில் இருக்கும்போது மேசை மேல் கவிழ்த்து வைத்த கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. கணக்கை முடித்துவிட்டு, “சார், போகலாமா?” என்று கேட்டான். தென்மாநிலப் பையன்கள் ஆசிரியரைச் சார் என்றுதான் அழைப்பார்கள். நம்மூர்ப் பையன் கேட்பதுபோலவே இருக்கும். வேறொரு மாநிலப் பல்கலைக்கழகம் இங்கே கிடைப்பதைப்போல நான்கு மடங்கு தரத் தயாராக இருந்தது. அவன் தாய் இரண்டு இடங்களில் வேலை பார்க்கிறவர். போ என்றேன். தொகையைக் கேட்டேனே தவிர வேறெதையும் கேட்கவில்லை.

அங்கே போன பிறகுதான் தெரிந்தது, இங்கே அவன் படித்துத் தேறிய பாடங்களில் 18 கிரெடிட் (பாட அலகு) புதிய பட்டப்படிப்புக்குக் கணக்கில் வராது என்று. பாடத்தைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்வது ஒன்று, அது பட்டத்துக்கான தேவையில் கழிவது வேறொன்று. இந்த வேறுபாடு பல்கலைக்கழகத்தில் வேலை செய்யும் எனக்கே அன்றைக்கு உறைக்கவில்லை. அன்றைய விதிப்படி கால்பந்து வீரன் மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டத் தேவையில் 40 சதவீதமும், நான்காம் ஆண்டில் 60 சதவீதமும், ஐந்தாம் ஆண்டில் 80 சதவீதமும் முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஆட முடியாது. பையன் கோடை முழுவதும் வகுப்பில் உட்கார்ந்து அந்த 40ஐத் தொட்டான். அப்படியும் தான் விரும்பிய பொறியியல் தொழில்நுட்பத்தை விட்டு, கிரெடிட் ஒத்துவந்த பொதுப் பட்டம் ஒன்றுக்கு மாற வேண்டியதாயிற்று. என்னைக் குறை சொல்லவில்லை. அவன் குறை சொல்லாததுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

அதிலிருந்து யார் வந்து கேட்டாலும், போர்ட்டலில் பெயர் பதிவதற்கு முன்பு, போக நினைக்கும் துறையிடமிருந்து எந்தெந்தப் பாடம் எந்தத் தேவையில் கழியும் என்று எழுத்தில் வாங்கச் சொல்கிறேன். பயிற்சியாளர் தொலைபேசியில் சொல்வது எழுத்தில் வந்ததாகாது. பெயரைப் பதிந்துவிட்டால், அந்தக் கல்விப் பருவம் முடிந்ததும் உதவித்தொகையை நிறுத்தும் உரிமை பழைய பல்கலைக்கழகத்துக்கு வந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பெயர் கொடுத்துவிட்டு அழைப்பே வராமல் நிற்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். செய்தியில் வருவது நட்சத்திரங்கள் மட்டுமே. வாய்வார்த்தையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2024 செப்டம்பரில் நெவாடாவின் லாஸ் வேகஸ் பல்கலைக்கழக அணியில் நடந்ததைப் பலரும் அறிவார்கள். முதல் மூன்று ஆட்டங்களையும் வென்று கொடுத்த குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூக்கா, தனக்குச் சொல்லப்பட்டது தரப்படவில்லை என்று பருவத்தின் நடுவிலேயே விலகினார். யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. முதல் ஆட்டத்துக்கு முன்பே ஒரு தாளில் கையெழுத்து ஆகியிருந்தால் அந்தத் தகராறுக்கே இடமிருந்திருக்காது.

வரியைப் பற்றி இன்னும் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்ணீரோடு என் அறைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வரியால் வந்தவர்கள். என்.ஐ.எல். பணத்தைக் கொடுக்கிறவர்கள் வரியைப் பிடித்துக்கொண்டு கொடுப்பதில்லை; பையன் சட்டத்தின் கண்ணில் சுயதொழில் செய்கிறவன். வருமான வரி போக, சுயதொழில் வரி மட்டும் 15.3 சதவீதம். அதையும் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என்று நான்கு தவணையாக முன்கூட்டியே கட்ட வேண்டும். ஒருவன் முதல் தொகை வந்த வாரத்திலேயே பிக்கப் டிரக் வாங்கினான். மறு ஏப்ரலில் வரித்தாள் வந்தபோது வங்கியில் இருந்தது நானூறு டாலர். இப்போது பையன்களிடம், பணம் வந்த அன்றைக்கே மூன்றில் ஒரு பங்கை வேறொரு கணக்கில் போட்டுவிட்டு அதை மறந்துவிடச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தோடு நேரடியாகச் செய்யும் புதிய ஒப்பந்தங்களில், நடுவில் விலகினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். ஏஜென்டின் பங்கு எத்தனை சதவீதம், அது எத்தனை ஆண்டுக்கு என்பதைத் தனியாகப் படிக்க வேண்டும். பெற்றோருக்கு ஆங்கிலம் தெரிந்தால் மட்டும் போதாது. ஒரு வழக்கறிஞருக்கு நூறு இருநூறு டாலர் கொடுத்துப் படிக்கச் செய்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இங்கே பள்ளிக் கால்பந்தில் தமிழ்ப் பிள்ளைகளும் சிலர் ஆடுகிறார்கள். அந்தப் பெற்றோர் என்னிடம் கேட்பது வேறு விதம். இங்கே பிறந்த பிள்ளைக்கு மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். மாணவர் விசாவில் இந்தியாவிலிருந்து டென்னிஸ், நீச்சல் என்று விளையாட்டு உதவித்தொகையில் வரும் பிள்ளைக்குப் பொருந்தாது: அந்த விசாவில் வேலை செய்து சம்பாதிப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு, என்.ஐ.எல். பணம் அதை மீறியதாகக் கொள்ளப்படலாம். உடன் ஆடுகிறவன் விளம்பரத்தில் நடிக்கிறானே என்று ஒரு காணொளிக்குத் தலைகாட்டும் முன்பு, குடியேற்றச் சட்டம் தெரிந்த ஒருவரைக் கேட்டே ஆக வேண்டும்.

கோச்சுக்கு மிகவும் வலித்தது வேறொன்று. ஹவுஸ் உடன்பாடு 85 உதவித்தொகை என்ற வரம்பை நீக்கிவிட்டு, அணியில் மொத்தமே 105 பேர் என்று புது வரம்பு வைத்தது. உதவித்தொகை இல்லாமல், சொந்தச் செலவில் படித்துக்கொண்டு, பயிற்சியில் அடிபட்டுக்கொண்டு, என்றைக்காவது ஒரு நாள் களத்தில் இறங்குவோம் என்றிருக்கும் ‘வாக்-ஆன்’ பையன்களின் இடம் அதில் சுருங்கிப்போயிற்று. நீதிபதி வற்புறுத்தியதால், ஏற்கெனவே இருந்தவர்களை வரம்பில் சேர்க்காமல் வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த 238 பவுண்டுப் பையன் வாக்-ஆனாகத்தான் வந்தான். பல்கலைக்கழக அணிகள் சேர்ந்து ஆடும் பழைய கூட்டணிகளான கான்ஃபரன்ஸ்கள் உடைந்து, 1915இல் தொடங்கிய பசிபிக் கரைக் கூட்டணியில் 2024இல் இரண்டே அணிகள் மிஞ்சியதைப் பற்றியெல்லாம் தொலைக்காட்சியில் மணிக்கணக்கில் பேசினார்கள். கோச் அதைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. வாக்-ஆன் செய்தி வந்த அன்றைக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டு, வெகுநேரம் பேசினார்.

போன அக்டோபரில் அவர் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்திருந்தோம். 18 கிரெடிட்டை என்னால் இழந்த அந்தப் பையன் இப்போது மூன்றாவது பல்கலைக்கழகத்தில் இருக்கிறான். அவனுடைய அட்டையின் பின்பக்கத்தில் கோச் மூன்று பெயர்களைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். அன்று காலை பயிற்சியில் எடுத்த காணொளி ஒன்றை அவன் அனுப்பியிருந்தான். பதினோரு வினாடிதான் ஓடியது. கோச் கண்ணாடியை மாற்றிக்கொண்டு நான்கு முறை பார்த்தார், பிறகு என்னிடம் நீட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஒருவன் மற்றவனைத் தள்ளுகிறான்.

“எட்டு வைக்கிறான்” என்றார் கோச். கைப்பேசியைத் திரும்ப வாங்கி, கோணல் விரலைத் தவிர்த்து ஆட்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிப் பதில் எழுதத் தொடங்கினார்.